பனிக்கட்டியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஈயத்தை அளக்கிறார்களாம், எனக்கு பிளாங்கிலேயே 4 பிபிபி வருகிறது

ராயக்கோட்டை ராகி:

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன தண்ணீர் டெஸ்டிங் லேபில் இருக்கிறேன், எம்எஸ்சி முடித்து இரண்டு வருடம் ஆகிறது. நம்ம பக்கம் தண்ணீர் டெஸ்ட் என்றாலே ஃபுளோரைடுதான், மாதம் முழுக்க அதுதான் ஓடும், எலெக்ட்ரோடை முக்கினால் நம்பர் வந்துவிடும், அதில் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. என்னைப் படுத்துவது ஈயம்.

குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது 10 பிபிபி, நூறு கோடியில் பத்துப் பங்கு. எங்களிடம் இருப்பது கிராஃபைட் ஃபர்னஸ் ஏஏஎஸ், சாம்பிளைச் சூடாக்கி அதிலிருக்கும் உலோகத்தை அளக்கிற கருவி, பழைய மெஷின்தான் ஆனால் ஒழுங்காக ஓடுகிறது. சாம்பிளே இல்லாமல் எங்கள் லேபின் டிஸ்டில்டு வாட்டரையும் கொஞ்சம் நைட்ரிக் ஆசிட்டையும் மட்டும் வைத்து பிளாங்க் ஓட்டினால் பூஜ்ஜியம் வர வேண்டும், இல்லை பூஜ்ஜியத்தை ஒட்டியாவது வர வேண்டும். எனக்கு 3 வருகிறது, 4 வருகிறது, சில திங்கட்கிழமைகளில் 7 கூட வந்திருக்கிறது. ஓனரிடம் சொன்னால் "கழிச்சிட்டு ரிப்போர்ட் போடும்மா" என்கிறார். கழித்துத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படி இருக்கும்போது போன வாரம், அண்டார்டிகா பனியைத் துளைத்து எடுத்து அதிலிருக்கும் ஈயத்தை அளப்பதைப் பற்றிப் படித்தேன். அங்கே கணக்கு பிபிபியில் இல்லை, ஒரு கிராம் பனிக்கு ஒரு பிகோகிராம், அதற்கும் கீழே. லட்சம் கோடியில் ஒரு பங்கு! என் பிளாங்கில் நாலாயிரத்தில் ஒன்று. துளை போடும் மெஷின் இரும்பு, அதைத் தூக்குகிறவர் கையில் வியர்வை, கேம்ப்பில் டீசல் ஜெனரேட்டர். இத்தனைக்கும் நடுவில் அந்த ஒரு பிகோகிராம் பனியில் இருந்ததா, வழியில் ஒட்டியதா என்று எப்படித் தெரியும்? கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவர்கள் செய்வதில் ஒரு துளி தெரிந்தாலும் என் பிளாங்கை இறக்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

குளிரறை:

பெயரைப் பார்த்ததும் பசிக்கிறது, ராகிக் களி சாப்பிட்டு வருஷக்கணக்காகிறது. நான் பென்னாகரம். வெளிநாட்டில் ஒரு பனி லேபில் ஆறு வருடம் இருந்தேன், இப்போது வேறு வேலை. நேரம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த அளவு மனதில் பதிய ஒரு கணக்கு. ஒரு டிஎம்சி தண்ணீரில் 28 கிராம் ஈயத்தைக் கரைத்தால் அதுதான் கிராமுக்கு ஒரு பிகோகிராம். வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகள் சில, அவ்வளவுதான். உங்கள் 4 பிபிபி பிளாங்க் என்றால் அதே ஒரு டிஎம்சியில் 113 கிலோ.

நீங்கள் கேட்ட கேள்வியை முதலில் கேட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டவர் கிளேர் பேட்டர்சன், அமெரிக்கர். பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டு என்று 1956இல் ஈய ஐசோடோப்புகளை (எடை மட்டும் வேறுபடும் ஈய அணு வகைகள்) வைத்துச் சொன்னாரே, அவர்தான். அந்த வேலையில் அவருக்கு வந்த தொல்லையும் இதேதான்: எதை அளந்தாலும் இருக்க வேண்டியதைவிட அதிகமாக ஈயம். கடைசியில் பார்த்தால் அது பாறையிலிருந்து வரவில்லை, லேபிலிருந்து வருகிறது. தூசி, குழாய், ஆசிட், தலைமுடி. வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகத் துரத்தி லேபையே சுத்த அறையாக மாற்றினார். அதே பழக்கத்தோடு கிரீன்லாந்துக்கும் அண்டார்டிகாவுக்கும் போய்ப் பனி எடுத்து, கூட்டாளிகளோடு 1969இல் கட்டுரை வெளியிட்டார். கிரீன்லாந்தில் கி.மு. 800 வாக்கில் விழுந்த பனியைவிட 1960களின் பனியில் ஈயம் இருநூறு மடங்குக்கு மேல். கடைசி ஏற்றத்துக்கு முக்கியக் காரணம் பெட்ரோலில் கலந்த ஈயம். அதற்கு முன்னால் அளந்த பலருடைய நம்பர்களில் பாதி அவரவர் லேப் அழுக்குதான் என்பதும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. யாருக்குப் பிடிக்கும்?

சரி, எப்படிச் செய்கிறார்கள். துளைக்கும்போது பனித் தண்டின் வெளிப்பக்கம் அழுக்காகும், அதைத் தடுக்க முடியாது, தடுக்க முயல்வதுமில்லை. தண்டு சுமார் பத்து சென்டிமீட்டர் தடிமன். குளிரறையில் வைத்துக் கரும்புக்குத் தோல் சீவுகிற மாதிரி சுற்றிலும் சீவுகிறார்கள். ஒரு அடுக்கு சீவியதும் கத்தி மாறும், கையுறை மாறும், சீவியது தனிப் பாட்டிலுக்குப் போகும். அப்புறம் அடுத்த அடுக்கு. வெளியிலிருந்து நடு வரைக்கும் எல்லா அடுக்கையும் தனித்தனியாக அளந்து வரைபடம் போட்டால், வெளி அடுக்கில் மலை மாதிரி ஈயம், உள்ளே போகப் போகச் சரிவு, ஓர் இடத்துக்கு மேல் தட்டை. அந்தத் தட்டைதான் பனியின் சொந்த அளவு. நடு வரைக்கும் இறங்கிக்கொண்டே இருந்தால், அழுக்கு நடு வரைக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம், அந்தத் துண்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஒரு நாள் முழுக்க மைனஸ் இருபதில் நின்று சீவிய துண்டைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். விரலுக்கு உணர்வு திரும்பியதும் அழுகை வந்தது.

இப்போதெல்லாம் இந்த அளவுக்குச் சீவுவது குறைவு. தண்டிலிருந்து ஒரு சதுரக் குச்சியை அறுத்து, சூடான தகட்டின் மேல் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். கீழிருந்து உருகும். தகட்டில் உள்வட்டம் வெளிவட்டம் என்று இரண்டு பாதை: குச்சியின் ஓரங்கள் உருகிய தண்ணீர் வெளிவட்டத்தோடு ஒதுங்கிவிடும், நடுவில் உருகியது மட்டும் உள்வட்டம் வழியாக நேராக மெஷினுக்கு. அங்கே இருப்பது ஐசிபி-எம்எஸ். சில ஆயிரம் டிகிரி சூட்டில் ஆர்கான் பிளாஸ்மா, அதில் தண்ணீர்த் துளி விழுந்ததும் அணுக்கள் மின்னேற்றம் பெறும், எடைவாரியாகப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணும். ஈயம் கனமான ஆசாமி, அதனால் இடைஞ்சல் குறைவு. இரும்புதான் தொல்லை, அதன் எடை எண்ணான 56இல் ஆர்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த ஜோடி ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். இரும்பிலும் அலுமினியத்திலும் இன்னொன்றும் உண்டு. அவை தூசிக்குள் அடைபட்டிருக்கும், ஓடுகிற தண்ணீரில் ஆசிட் கலந்து இரண்டு நிமிடத்தில் அளந்தால் கரைந்தது மட்டும்தான் தெரியும். பாட்டிலில் ஆசிட்டோடு மாதக்கணக்கில் வைத்துப் பிறகு அளந்தால் நம்பர் ஏறும். எவ்வளவு நேரம் ஆசிட்டில் இருந்தது என்று எழுதாத இரும்புக் கணக்கை நான் படிப்பதே இல்லை.

ஆசிட்டையும் கொதிக்க வைத்து வடிப்பதில்லை. கொதித்தால் தெறிக்கும், தெறிக்கிற துளியோடு உலோகமும் ஏறிக்கொண்டு வந்துவிடும். மேலிருந்து வெப்ப விளக்கால் சூடாக்கி, குமிழியே வராமல் ஆவியாக்கி வடிப்பார்கள். பாட்டில் கண்ணாடி இல்லை, பாலிஎத்திலீன் அல்லது டெஃப்லான் வகை, வாரக்கணக்கில் ஆசிட் தொட்டியில் ஊறும். பாட்டிலைத் திறப்பது, ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலுமான துகள் நூறுக்குள் இருக்கிற இடத்தில் மட்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அவர்கள் வைக்கிற பிளாங்க். மிகச் சுத்தமான தண்ணீரை உறைய வைத்துப் பொய்யாக ஒரு பனித் தண்டு செய்வார்கள். அதையும் அதே கத்தியால் சீவி, அதே தகட்டில் உருக்கி, அதே குழாய் வழியாக ஓட விடுவார்கள். உண்மைத் தண்டு எந்தெந்த இடத்தைத் தொட்டதோ அந்த இடத்தையெல்லாம் பொய்த் தண்டும் தொட்டிருக்க வேண்டும். அதில் வருவதைத்தான் கழிக்கலாம்.

உங்கள் விஷயத்துக்கு: பிளாங்கில் தண்ணீர் அதே அளவு, ஆசிட்டை மட்டும் இரண்டு பங்காக்கி ஓட்டிப் பாருங்கள். ஈயமும் இரண்டு பங்கானால் ஆசிட்தான் குற்றவாளி. ஃபர்னஸில் சாம்பிளோடு சேர்க்கிற மாடிஃபயர் கரைசலை விட்டுவிட்டு ஒரு முறை. சாம்பிள் கப்பை ஒரு மணி நேரம் திறந்து வைத்து ஒரு முறை, மூடி வைத்து ஒரு முறை. பிப்பெட் டிப் மஞ்சள் கலர் என்றால் நிறமில்லாததற்கு மாறுங்கள். அந்தத் திங்கட்கிழமை 7 மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாராவது பெயின்ட் அடிக்கிறார்களா?

போர்வண்டி 1200 அடி:

நான் வேதியியல் படித்தவன் இல்லை, பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் போர் போடுகிறவன், குளிரறை அண்ணன் எழுதியதைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் முழுசாகப் படித்தேன். எனக்கு ஒரு சந்தேகம். பனியில் எத்தனை அடி போகிறார்கள்? ராடு எப்படி ஏற்றுகிறார்கள்? கேசிங் எத்தனை அடி? நம்ம ஊரில் 1200 அடி இறக்கிவிட்டு ராடைத் திரும்பக் கழற்றி ஏற்றுவதற்குள் விடிந்துவிடுகிறது.

இன்னொன்று, தங்கச்சி. திங்கட்கிழமை அதிகமாக வருகிறது என்றால் எனக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான். ரெண்டு நாள் ஓட்டாத மோட்டாரைப் போட்டால் முதலில் துருத் தண்ணீர்தான் வரும், பத்து நிமிஷம் விட்டால் தெளியும். உங்கள் லேபில் ஞாயிறு லீவுதானே? அந்த டிஸ்டில்டு வாட்டர் எதில் நிற்கிறது, எந்தக் குழாய் வழியாக வருகிறது?

குளிரறை:

யோவ் போர்வண்டி, ஆறு வருஷம் பனியைச் சீவியவனுக்குத் தோன்றவில்லை, உமக்குத் தோன்றிவிட்டது. ராகி, அந்தக் குழாயை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

உம்முடைய கேள்விக்கு: அண்டார்டிகாவில் டோம் சி என்கிற இடத்தில் 3270 மீட்டர் போனார்கள், உங்கள் கணக்கில் பத்தாயிரத்து எழுநூறு அடிக்கு மேல். எட்டு லட்சம் வருடத்துப் பனி. ஆழத்தில் ராடு கிடையாது. துளைக் கருவி முழுசும் ஒரு கேபிளில் தொங்கும், மோட்டாரும் அதற்குள்ளேயே. கருவி தானே சுற்றிவிடாமல் இருக்கப் பக்கவாட்டில் பட்டைகள் பனிச் சுவரைக் கவ்விப் பிடித்திருக்கும். ஒவ்வொரு தடவையும் சில மீட்டர் தண்டு, மேலே இழு, எடு, திரும்ப இறக்கு. கேசிங் மேலே மட்டும், பனி இன்னும் இறுகாமல் காற்று புகுந்துபோகிற சுமார் நூறு மீட்டருக்கு. அதற்குக் கீழே துளை தானாக மூடிக்கொள்ளப் பார்க்கும், ஏனென்றால் அந்த அழுத்தத்தில் பனிக்கட்டி பிசைந்த மாவு மாதிரி மெல்ல நகரும். அதனால் மண்ணெண்ணெய் வகைத் திரவத்தை ஊற்றி நிரப்பி வைப்பார்கள். தண்டின் மேல்தோல் அழுக்காவதில் அந்த மண்ணெண்ணெய்க்குப் பெரிய பங்கு உண்டு. ஓர் ஆழத்தில் பனி ரொம்ப நொறுங்கும் குணத்தோடு வரும், உள்ளே அடைபட்ட காற்றுக் குமிழிகள் மேலே வந்ததும் விரிந்து தண்டையே வெடிக்க வைக்கும். விரிசல் வழியாகத் திரவம் நடு வரைக்கும் போய்விட்டால் ஈயக் கணக்குக்கு அந்தத் தண்டு உதவாது.

தகடூரான்:

ரிடையர்டு வரலாற்று வாத்தியார் ஒருவன் நடுவில் நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1994இல் கிரீன்லாந்து பனியை அளந்து ஒரு முடிவு சொன்னார்கள்: கி.மு. 500 முதல் கி.பி. 300 வரைக்குமான பனியில் இயற்கையாக இருக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு ஈயம். கிரேக்கர்களும் ரோமானியர்களும் வெள்ளிக்காக ஈயத் தாதுவை உருக்கிய புகை அது. 2018இல் இன்னும் நுணுக்கமாக, ஏறக்குறைய வருடம் வருடமாக அளந்தபோது, ரோமில் போரும் கொள்ளைநோயும் வந்த காலங்களில் ஈயம் சரிந்ததுகூடத் தெரிந்தது.

எனக்கு இதில் சிலிர்ப்பது வேறு. அதியமான் இதே தகடூரில், இன்றைய தர்மபுரியில், ஆண்டது அந்தக் காலகட்டத்துக்குள்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக்காசுகள் குடம் குடமாகக் கிடைத்தன. வெள்ளி மிளகுக்காகவோ மணிக்கற்களுக்காகவோ நம்ம பக்கம் வந்தது, அதை உருக்கிய புகை கிரீன்லாந்துக்குப் போய்ப் பனியோடு படுத்துக்கொண்டது. வகுப்பில் இதைச் சொல்லாமல் ரிடையராகிவிட்டேனே என்று வருத்தம்.

சரி, ஒரு கேள்வி. பனியில் ஃபுளோரைடும் அளப்பார்களா? தர்மபுரிக்காரன் கேட்காமல் யார் கேட்பார்கள்.

குளிரறை:

அளப்பார்கள் ஐயா. அதற்கு வேறு மெஷின், அயான் குரோமட்டோகிராஃப். எரிமலை கக்குவதில் ஃபுளோரின் உண்டு. 1783இல் ஐஸ்லாந்தில் லாக்கி வெடித்தபோது அங்கே புல்லில் ஃபுளோரின் படிந்து, மேய்ந்த ஆடுகளுக்குப் பல்லும் எலும்பும் கெட்டு, ஆட்டு மந்தையில் பெரும்பகுதி செத்தது. பென்னாகரத்தில் நான் படித்த பள்ளியில் பாதிப் பேருக்குப் பழுப்புப் பல், எனக்கும்தான். அந்த ஆடுகளைப் பற்றி முதலில் படித்தபோது நாக்கு தானாகப் பல்லைத் தடவிப் பார்த்தது.

புகை சமாசாரத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தென்துருவத்தில் முதலில் கால் வைத்தவர் அமுண்ட்சன், 1911இல். அண்டார்டிகாவின் பல இடங்களில் எடுத்த பனித் தண்டுகளில் தொழிற்சாலை ஈயம் 1889லேயே ஆரம்பித்துவிடுகிறது. ஐசோடோப்பு விகிதத்தைப் பார்த்தால் ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில் சுரங்கத்துத் தாது. மனிதனுக்கு 22 வருடம் முன்னால் புகை போய்ச் சேர்ந்திருக்கிறது.

ராயக்கோட்டை ராகி:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். போர்வண்டி அண்ணா, உங்களுக்கு ஒரு கூடை மாம்பழம் கடன்.

எங்கள் டிஸ்டில்டு வாட்டர் ஒரு ஸ்டீல் டேங்கில் நிற்கிறது, அடியில் ஒரு சின்னக் குழாய். பளபளவென்று மின்னும், ஸ்டீல் என்றுதான் இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பேனரை வைத்துக் கழற்றி வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே மஞ்சள். பித்தளை! அதில் கொஞ்சம் ஈயம் கலப்பதுண்டு. வெளியே மட்டும் முலாம். திரும்ப மாட்டி ஒரு ஞாயிறு அப்படியே விட்டுவிட்டு, திங்கள் காலை முதலில் வந்த அரை டம்ளரை அளந்தேன்: 7.8. இரண்டு லிட்டர் ஓட விட்டு அளந்தேன்: 1.9. குழாயே இல்லாமல், வடிகலனின் கண்ணாடி மூக்கிலேயே பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டிப் பிடித்து அளந்தேன்: 0.4. ஆசிட்டை இரண்டு பங்காக்கியும் பார்த்தேன், பெரிதாக மாறவில்லை. கையில் ஸ்பேனரோடு நின்று சிரித்தேன். ஓனர் "தண்ணி வருதுல்ல, அப்புறம் எதுக்குக் குழாயை மாத்தணும்" என்றார். என் காசில் பிளாஸ்டிக் குழாய் வாங்கி மாட்டிவிட்டேன்.

இப்போது பிளாங்க் 0.5க்குள் நிற்கிறது. ஒரு பிகோகிராமுக்கு இன்னும் ஐந்நூறு மடங்கு இருக்கிறது, ஆனால் எனக்கு இது போதும்.

குளிரறை:

அருமை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் சாம்பிளில் உங்கள் லேப் தண்ணீரைக் கலக்கிறீர்களா?

ராயக்கோட்டை ராகி:

இல்லை அண்ணா. குடிநீர் என்றால் ஆசிட் மட்டும் விட்டு அப்படியே ஓட்டுவோம்.

குளிரறை:

அப்படியென்றால் சாம்பிள் அந்தப் பித்தளையைத் தொடவே இல்லை. பிளாங்க் மட்டும்தான் தொட்டது. சாம்பிளில் இல்லாத அழுக்கைச் சாம்பிளிலிருந்து கழித்திருக்கிறீர்கள். பொய்த் தண்டு ஒரு பாதையில் போனது, உண்மைத் தண்டு வேறு பாதையில் போனது. நீங்கள் 6 என்று எழுதிக் கொடுத்தது 10ஆகவும் இருக்கலாம், திங்கட்கிழமை என்றால் 13ஆகவும் இருக்கலாம்.

ராயக்கோட்டை ராகி:

இதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. காலையில் பழைய நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். நல்லவேளை, அன்றன்றைய பிளாங்க் நம்பரை ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். கழித்ததைத் திரும்பக் கூட்டிப் பார்த்ததில் பெரும்பாலானவை 4, 5 என்றுதான் நிற்கின்றன, பயமில்லை. நான்கு சாம்பிள் 10ஐத் தாண்டுகிறது. நான்கும் "குடிக்கலாம்" என்று ரிப்போர்ட் போனவை. அதில் ஒன்று காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு தோட்டத்துப் போர், அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, சாம்பிள் கொண்டுவந்த அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

ஓனரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "காசு வாங்காம திரும்ப டெஸ்ட் பண்ணிக் குடு, ஆனா வெளியே சொல்லாதே" என்றார். நான் அந்த நான்கு வீட்டுக்கும் போன் செய்து, எங்கள் பக்கம் தப்பு நடந்திருக்கிறது, ரிசல்ட் வரும் வரைக்கும் குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒருவர் திட்டினார். அந்த அம்மா "அப்ப கேன் தண்ணி வாங்கிக்கிறேன்" என்றார், அவ்வளவுதான்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போய் நானே சாம்பிள் எடுக்கிறேன். பாட்டில்கள் போன வாரத்திலிருந்து ஆசிட்டில் ஊறுகின்றன. இந்த முறை ஒரு பாட்டிலில் வடிகலன் மூக்கில் பிடித்த தண்ணீரை நிரப்பி எடுத்துப் போய், அங்கேயே திறந்து, அங்கேயே அதே ஆசிட் விட்டு மூடி, மற்றதோடு சேர்த்துக் கொண்டுவரப் போகிறேன்.

போர்வண்டி 1200 அடி:

தங்கச்சி, போனதும் மோட்டாரைப் போட்டு முதல் தண்ணீரில் ஒரு பாட்டில், பத்து நிமிஷம் ஓட விட்டு ஒரு பாட்டில் பிடி. அந்தப் போரிலும் எங்கேயாவது பித்தளை வால்வு இருக்கும்.